பந்த் நாளில் அடித்த மணி

அத்தியாயம் 5

ஜலஜாவுக்குக் கொடுத்த டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. அவள் அதைத் தொடவே இல்லை. கீழே கரியாஹாட் சந்தையில் சனிக்கிழமைக் கூட்டம் புடவைக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் பேரம் பேசிக்கொண்டிருந்தது. மாடியில் எங்கள் ஆபீஸில் போன் அடிக்கும்போதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மறுபடி கூப்பிட்டானா?” என்றார் பிரியம்வதா மேடம்.

“காலைல. வாயில துணியை வச்சுப் பொத்திக்கிட்டுப் பேசற மாதிரி அதே குரல். ‘சர்வர் வாங்கும்போது கணக்குத் தப்பாப் போட்டது நான்தான்னு திங்கக்கிழமை போலீஸ்ல ஒத்துக்கோ. ஸ்கூல் விட்டா உன் பொண்ணு எந்த கேட்டுல நிக்கும்னு எனக்குத் தெரியும்’னான் மேடம்.” அவள் அழ ஆரம்பித்தாள்.

மேடம் இருபது வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். எரிந்த குடோனையும் எரித்த குடோனையும் வாசலில் நின்றே பிரித்துச் சொல்வார். அந்த மூக்கை வைத்துத்தான் இந்தத் துப்பறியும் ஆபீஸைத் திறந்தார். நான் குமரவேல், அவருடைய உதவியாளன். டாக்குரியாவில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, ஆபத்து வந்தால் இரண்டும் மறந்துபோகும்.

விவகாரம் இதுதான். பாலிகஞ்சில் கோமளா மெடிக்கல் ஏஜென்சீஸ் என்று ஒரு தடுப்பு மருந்து விநியோகக் கம்பெனி. கம்ப்யூட்டர் பிரிவு முழுக்க ஜலஜாவின் பொறுப்பு. அடித்தளத்தில் மைனஸ் இருபது டிகிரியில் ஒரு கோல்ட் ரூம். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அமுக்க ஒரு பெல் உண்டு. அமுக்கினால் அங்கே சத்தம் வராது. சர்வர் என்கிற பொதுக் கம்ப்யூட்டர் வழியாகத் தரைத்தளத்து டியூட்டி மேஜையில் இருக்கும் ஸ்க்ரீனில் கீச்சென்று செய்தி வரும். போன வாரம் பந்த் அன்று ஸ்டோர் கீப்பர் வேலாயுதம் உள்ளே மாட்டிக்கொண்டார். செய்தி வரவில்லை. சாப்பிட வரவில்லையே என்று காவல்காரத் தர்வான் தேடிப்போய்க் கதவைத் திறந்தபோது மனிதர் கட்டையாகக் கிடந்தார். இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை.

டியூட்டி மேஜையில் இருந்தவர் அட்மின் மேனேஜர் சௌந்தரராஜன். அவர் போலீஸிடம் சொன்னது ஒரே வரி: “சர்வர் ஹேங் ஆயிடுச்சு, தினமும் ஆகறதுதானே.” அதை யாரும் சந்தேகப்படவில்லை. அந்த ஆபீஸில் டீக்காரர் தாமதமாக வந்தால்கூட சர்வர் ஹேங் என்றுதான் சொல்வாராம்.

“எனக்குத் தொண்டையில இருக்கிற முள்ளு அது இல்ல மேடம்,” என்றாள் ஜலஜா. “பந்த் அன்னிக்கு யாரும் வர மாட்டாங்களேன்னு முந்தின சாயங்காலம் நான்தான் மொத்த ஸ்டாக் கணக்கையும் ஓட விட்டுட்டுப் போனேன். ரொம்பப் பெரிய வேலை. அதுதான் மெஷினை நிறுத்தியிருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படின்னா வேலாயுதம் அண்ணனை உள்ள வச்சுப் பூட்டினது நான்தானே?”

ஜெயில் பயத்தைவிட, மகளைப் பற்றிய பயத்தைவிட, அந்தக் கேள்விதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. எனக்கு ஏதாவது கிண்டலாகச் சொல்லி அவளைத் தேற்றத் தோன்றியது. அதற்குப் பதில் ஆறிப்போன டீயை எடுத்துவிட்டுச் சூடாக இன்னொன்று வைத்தேன்.

“அழாமச் சொல்லு,” என்றார் மேடம். “அந்த மெஷின் ஏன் தினமும் ஹேங் ஆகுது?”

ஜலஜா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. “எவ்வளவு வேலை தாங்கும்னு சொல்ல அதுக்கு ரெண்டு நம்பர் உண்டு மேடம். பின்னால தானா ஓடற வேலைக்கு நானூத்தி அறுபது. ஆளுங்க ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்து தட்டற வேலைக்கு வெறும் முப்பத்தஞ்சு. விக்கிறவன் பெரிய நம்பரை மட்டும் பெருசா அச்சடிச்சுக் காமிச்சான். சௌந்தரராஜன் சார் அதைப் பார்த்துட்டு, ‘பழைய மெஷின் நூறு, இது நானூத்தி அறுபது, போதும்’னுட்டார். நமக்கு வேணுங்கிறது சின்ன நம்பர் சார்னு நான் கெஞ்சினேன். விலை ஏறும்னார்.”

“ஒரே மெஷினுக்கு எப்படி அக்கா ரெண்டு பலம்?” என்றேன்.

“கல்யாணச் சமையல்காரர் ஐநூறு பேருக்கு ஒரே அண்டாவுல சாம்பார் வச்சுடுவார். தோசைன்னா? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா, சூடா, உடனே வேணும். கல்லு ஒண்ணுதானே இருக்கு?”

“ஓரே பாபா!” என்று வங்காளியில் வாய்விட்டேன். “அப்ப உங்க கம்பெனி சாம்பார் மாஸ்டரைக் கூட்டிட்டு வந்து தோசைக்கல்லு முன்னாடி நிக்க வச்சிருக்கு.”

“அதுவும் எல்லாரும் ஒரே நேரத்துல தட்டோட வந்து நிப்பாங்க. கணக்குப் போடும்போது ஆர்டர் எல்லாம் நாள் பூரா பரவலா வரும்னு போட்டாங்க. நம்ம ஊர்ல அப்படியா? லோக்கல் டிரெயின் பிடிச்சு வந்து, டீ குடிச்சு, முந்தின நாள் ஃபுட்பால் பேசி முடிச்சு நாப்பது பேரும் ஒண்ணாத் தட்ட ஆரம்பிப்பாங்க. உடனே நின்னுடும்.”

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பினார். “பந்த் அன்னிக்கு எத்தனை பேர் தட்டினாங்க?”

ஜலஜா விரல் விட்டு எண்ண ஆரம்பித்து முதல் விரலிலேயே நின்றாள். “சௌந்தரராஜன் சார் ஒருத்தர்தான்.”

“தோசைக்கு ஒரே ஒரு ஆள். சாம்பார் அண்டாவுல உன் ஸ்டாக் வேலை எவ்வளவு பிடிக்கும்?”

“பாதிகூட இருக்காது.”

“அப்ப எதனால ஹேங் ஆச்சு?”

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். ஆனால் ஜலஜா தலையை ஆட்டினாள். “நம்பரை மட்டும் நம்ப முடியாது மேடம். செஞ்சவன் அவன் இடத்துல, அவன் வேலையை ஓட்டிப் பார்த்துப் போட்ட நம்பர் அது. நம்ம வேலைக்கு அப்படியே வரும்னு யாரும் சத்தியம் பண்ண மாட்டாங்க. என் வேலை நான் நினைச்சதைவிடப் பெருசா இருந்திருந்தா? நம்ம வேலையை நாமளே ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.”

“ஓட்டிப் பார்ப்போம்,” என்றார் மேடம். “நாளைக்கு ஞாயித்துக்கிழமை, பந்த் மாதிரியே ஆபீஸ் காலி. அதே வேலையை ஓட விடு. நீ டியூட்டி மேஜையில உக்காரு. நாங்க உள்ளே போய் பெல்லை அமுக்கறோம்.”

“நாங்கன்னா?” என்றேன்.

மேடம் ஜலஜாவைத் தனியே உள் அறைக்கு அழைத்துப்போய் ஏதோ ஒரு மாற்றம் செய்து வைக்கச் சொன்னார். எனக்கு அது என்னவென்று தெரியாது. என் கவலை எல்லாம் வீட்டில் கம்பளிக் குல்லாய் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜலஜாவின் மகள் அனன்யாவை டாக்குரியாவில் என் அம்மாவிடம் விட்டோம். ஸ்கூல் இல்லாவிட்டாலும் குழந்தையைத் தனியே விட ஜலஜாவுக்குத் தைரியம் இல்லை. அம்மா தட்டில் இட்லியை அடுக்கிய வேகத்தைப் பார்த்தால், குழந்தைக்கு வரக்கூடிய ஒரே ஆபத்து அஜீரணம்தான் என்று தோன்றியது.

கோமளா ஆபீஸில் சௌந்தரராஜன் சாவியோடு காத்திருந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, நெற்றியில் சந்தனம், அடிக்கொருதரம் சிரிப்பு. முதலாளி சம்மதித்துவிட்டதால் அவரால் சோதனையை மறுக்க முடியவில்லை.

“தாராளமாப் பாருங்க மேடம். எனக்கும் உண்மை தெரிஞ்சா நிம்மதிதான். ஜலஜா பாவம், வேணும்னு பண்ணியிருக்க மாட்டா,” என்றார். ‘பாவம்’ என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. “நான் போய் உங்களுக்கு டீ கொண்டுவரச் சொல்றேன்.”

ஜலஜா ஸ்டாக் வேலையை ஓட விட்டாள். முதல் மாடி ஹாலில் பிரிண்டர் கடகடவென்று அடிக்க ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இறங்கி வந்தாள்; கீழே அந்தச் சத்தம் எட்டவில்லை. அவள் டியூட்டி மேஜையில் உட்கார்ந்து ஸ்க்ரீனைப் பார்த்தபடி கைகளைக் கோத்துக்கொண்டாள்.

“செய்தி வந்தா வந்து திற. வரலேன்னா கால் மணி நேரம் எந்திரிக்காதே,” என்றார் மேடம்.

அடித்தளத்துக்கு இறங்கினோம். கோல்ட் ரூம் கதவு பீரோவைவிடக் கனமாக இருந்தது. விட்டால் தானாக மூடிக்கொள்ளும். வெளியே ஒரு பெரிய நெம்பு கைப்பிடி. உள்ளே இருந்திருக்க வேண்டிய கைப்பிடியின் இடத்தில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. ரிப்பேருக்குச் சொல்லி மாசக்கணக்காகிறதாம்.

“உள்ளே போனா வெளியே வர முடியுமா மேடம்?”

நான் பயந்து கேட்டால் மேடம் எப்போதும் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. மாட்டியிருந்த கனத்த கோட்டுகளில் ஒன்றை என் தோளில் போட்டுவிட்டு உள்ளே நடந்தார். நானும் போனேன். எங்களுக்குப் பின்னால் கதவு மெதுவாக வந்து பொருந்தி மூடிக்கொண்டது. வெளியுலகச் சத்தம் மொத்தமும் ஒரே நொடியில் போய்விட்டது.

பெல்லை அமுக்கினேன். எதுவும் கேட்கவில்லை. சத்தம் வராத பெல் என்று தெரிந்திருந்தும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

“வந்துடுவாங்க,” என்றேன். வாயிலிருந்து புகைதான் வந்தது.

யாரும் வரவில்லை. மறுபடி அமுக்கினேன். மூக்கு முதலில் போயிற்று, அப்புறம் விரல்கள். “மேடம், என்னை ஐஸ்கிரீம்னு நினைச்சு யாராவது ஆர்டர் எடுத்துடப் போறாங்க,” என்றேன். அதுதான் அன்று நான் அடித்த கடைசி ஜோக். அதற்குப் பிறகு நாக்கு ஒத்துழைக்கவில்லை. வேலாயுதம் நின்ற இடத்தில்தான் நான் நிற்கிறேன் என்ற நினைப்பு வந்தது. அவர் இந்தப் பொத்தானைத்தான் அமுக்கியிருப்பார். இதோ வந்துவிடுவார்கள் என்றுதான் அவரும் நினைத்திருப்பார். எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அம்மாவைக் கூப்பிட்டேன். பொத்தானிலிருந்து கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. நாலாவது ரேக்கில் இருந்த மருந்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டியின் லேபிளை நகத்தால் சுரண்டினார். புது லேபிளுக்கு அடியில் பழைய லேபிள் இருந்தது. அதில் இருந்த தேதி போன வருஷத்தோடு முடிந்துபோயிருந்தது. குழந்தைகளுக்குப் போடும் மருந்து அது.

“வேலாயுதமும் இதைத்தான் சுரண்டியிருக்கணும்,” என்று முணுமுணுத்தார். அடுத்த பெட்டி அவர் கையிலிருந்து நழுவியது. குளிரினாலா, பயத்தினாலா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் பயந்துவிட்டார் என்று தெரிந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன்.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் சௌந்தரராஜன் நின்றார். கையில் டீ பிளாஸ்க்.

“ஐயையோ, வாங்க வாங்க! எனக்கு மனசு கேக்கல, நானே திறந்துட்டேன். பார்த்தீங்களா மேடம்? மறுபடி ஹேங்!”

தரைத்தளத்துக்கு வந்தோம். ஜலஜா மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தாள். அவள் முன்னால் இருந்த ஸ்க்ரீனில் காலையில் இருந்த அதே படம் அசையாமல் நின்றது. விசையைத் தட்டினால் எந்த மாற்றமும் இல்லை.

“வரவே இல்ல மேடம்,” என்றாள். “யாருமே இல்லாதப்பவும் நின்னுடுச்சு. என் வேலைதான் நிறுத்தியிருக்கு. நான்தான்.”

“அழாதே ஜலஜா,” என்றார் சௌந்தரராஜன். “நாளைக்குப் போலீஸ்ல உண்மையைச் சொல்லிடு. மனசு லேசாயிடும்.”

எங்கள் கேஸ் எங்கள் கண் முன்னாலேயே தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டது.

மேடம் டீயை வாங்கி நிதானமாக ஒரு வாய் குடித்தார். “நீங்க சொன்னதுதான் சரி சார். நாங்க மூணு பேரும் மேல போய் மெஷினை நிறுத்திட்டு வந்துடறோம். அப்புறம் சார், நாலாவது ரேக்குல சில பெட்டிக்கு லேபிள் ரெண்டு அடுக்கா இருக்கு, கவனிச்சீங்களா?”

சௌந்தரராஜன் சிரித்தபடியே இருந்தார். ஆனால் பிளாஸ்க் மூடியை இரண்டு முறை தப்பாகப் போட்டு மூன்றாவது முறைதான் திருகினார். “தெரியலையே மேடம். நான் கீழேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க.”

மாடி ஏறும்போதே பிரிண்டர் சத்தம் காதில் விழுந்தது. பாதிப் படியில் ஜலஜா நின்றுவிட்டாள்.

“இது எப்படி இன்னும் ஓடுது?” என்றாள்.

“ஏறு,” என்றார் மேடம்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஹாலில் ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன. மேடம் கதவைத் தள்ளினார். நான் ஒரு அடி பின்வாங்கினேன். ஆளில்லாத நாற்பது மேஜைகள். நாற்பது ஸ்க்ரீன்களும் அந்த இருட்டில் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழ் வரை ஒரே வரி, திரும்பத் திரும்ப: கோல்ட் ரூம், உள்ளே ஆள். கோல்ட் ரூம், உள்ளே ஆள். நான் உள்ளே எவ்வளவு பயந்தேன் என்பது வரி வரியாக நாற்பது இடத்தில் எழுதியிருந்தது.

“நேத்து சாயங்காலம் ஜலஜாகிட்ட, பெல் செய்தி டியூட்டி மேஜைக்கு மட்டும் இல்லாம எல்லா ஸ்க்ரீனுக்கும் போகிற மாதிரி மாத்தி வைக்கச் சொன்னேன்,” என்றார் மேடம். “மெஷின் ஹேங் ஆனா நாப்பதும் நிக்கணும். ஒரே ஒரு ஸ்க்ரீன் மட்டும் நின்னா அது மெஷின் இல்ல, கம்பி. மாடிப்படிக்குக் கீழ எல்லா ஸ்க்ரீன் கம்பியும் வந்து சேர்ற அலமாரி ஒண்ணு இருக்கு. டீ சொல்லப் போன ஆள் அதைத் திறந்து ஒரே ஒரு கம்பியை உருவியிருக்கான். பார்க்கறதுக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். தினமும் நிக்கிற மெஷினை யார் போய்ச் சந்தேகப்பட்டுக் கம்பியைப் பார்ப்பாங்க? அந்தப் பழக்கத்தைத்தான் அவன் நம்பினான். லேபிள் மாத்தினதைக் கண்டுபிடிச்ச வேலாயுதம் வெளிய வரக் கூடாதுன்னு பந்த் அன்னிக்கும் இதையேதான் பண்ணியிருக்கான், பழியை உன் மேல போட போன்ல மிரட்டினதும் அவன்தான். பந்த் அன்னிக்குத் தட்ட ஆளே இல்லைங்கிறது மட்டும் அவனுக்கு உறைக்கல. பெரிய நம்பரை மட்டும் பார்த்து வாங்கின ஆள் இல்லையா?”

ஜலஜா ஒவ்வொரு மேஜையாக நடந்தாள். ஒரு விசையைத் தட்டினாள். உடனே ஸ்க்ரீன் மாறியது. அடுத்த மேஜையிலும் தட்டினாள். அங்கும் மாறியது. மூலையில் அவளுடைய ஸ்டாக் வேலை காகிதம் காகிதமாக வெளியே வந்து விழுந்துகொண்டிருந்தது.

“நிக்கவே இல்ல,” என்றாள். “அன்னிக்கும் நின்னிருக்காது.” அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். இந்த முறை அவள் அழுததைப் பார்க்க எனக்குப் பயமாக இல்லை.

மேடம் போனை எடுத்து போலீஸ் தானாவுக்குச் சுற்றினார். பேசி முடித்து வைப்பதற்குள் ஹாலில் ஒரு சத்தம் கேட்டது. நாற்பது ஸ்க்ரீன்களும் ஒன்றாகக் கீச்சிட்டன. நாற்பதின் அடியிலும் புதிதாக ஒரு வரி முளைத்தது.

கோல்ட் ரூம், உள்ளே ஆள்.

நான் இங்கே இருக்கிறேன். மேடம் இங்கே. ஜலஜா இங்கே. கீச், இன்னொரு வரி. கீச், இன்னொன்று.

“லேபிள் மாத்தின பெட்டிகளை மறைக்கப் போயிருக்கான்,” என்றார் மேடம் மெதுவாக. “ரெண்டு கையிலயும் பெட்டி இருந்தா கதவை யார் பிடிக்கிறது?”

“போலீஸ் வர்றதுக்குள்ள டீ ஆறிடும்,” என்றேன். “குடிச்சிட்டே போகலாம். அனன்யாவை வச்சு மிரட்டின ஆள் அக்கா அவன். கொஞ்சம் இருக்கட்டும்.”

நான் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. மேடமும் அவசரப்படவில்லை. அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு இன்று வரை தெரியாது.

ஆனால் ஜலஜா நாற்காலியில் இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் படியில் ஓடும் சத்தம் கேட்டது. நாங்கள் பின்னாலேயே ஓடினோம். அடித்தளத்தில் அவள் அந்த நெம்பு கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றித் தன் முழுக்கனத்தையும் போட்டு இழுத்தாள்.

கதவு திறந்தது. சௌந்தரராஜன் பெட்டிகளோடு முழங்காலில் விழுந்தார். நெற்றிச் சந்தனம் வெளுத்திருந்தது, பல் கிடுகிடுத்தது. நிமிர்ந்து ஜலஜாவைப் பார்த்தார்.

“பெல்... பெல் வந்துதா?” என்றார்.

“வந்துது சார்,” என்றாள் ஜலஜா. “உடனே வந்துது. அதான் ஓடி வந்தேன்.”